இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை

மதினி குழந்தையின் நகத்தைப் பல்லால்தான் கடித்து எடுப்பார். பிளேடு ஆகாது, நகவெட்டியும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஜெசியை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாக வாயருகே கொண்டுபோய் மெல்லக் கடித்து, கடித்த துணுக்கை உள்ளங்கையில் வைத்து எண்ணுவார். பத்தும் வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் பாயை உதறித் தேடுவார். பிள்ளை எடுத்து விழுங்கிவிடுமாம்.

என் கணவரின் பெரியப்பா மகள் அவர். கணவருக்கு அக்கா, எனக்கு மதினி, என் மகளுக்கு அத்தை. எங்கள் வீட்டில் இரண்டரை வருடம் தங்கி ஜெசியைப் பார்த்துக்கொண்டார். பிள்ளை பார்க்க வந்தவர் என்று அவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆள் வைத்திருந்தால் ஆளுக்கு இது செய், இது செய்யாதே என்று சொல்லலாம். பிடிக்கவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கலாம். அக்காவாக வந்தவரை என்ன சொல்வது? முதல் மாதம் சம்பளம் என்று ஒரு கவரை நீட்டினேன். அதை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு மீனை உரசப் போய்விட்டார். கவர் அங்கேயே கிடந்தது. பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் மண்டபத்தில் இருந்தோம். கணவர் அருள் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். நான் உச்சிப்புளியில் கணக்கு டீச்சர். பேறுகால விடுப்பு முடியும்போது ஜெசிக்கு எட்டு மாதம். என் அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. அருள்தான் போனில் சொன்னார், அக்கா மாரியூரில் அண்ணன் வீட்டில் சும்மாதானே இருக்கிறது, கூப்பிட்டுக்கொள் என்று. எனக்குத் தயக்கம் இருந்தது. ஏனென்றால் மதினியின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவரைக் கட்டிக்கொடுத்தது தொண்டிப் பக்கம். ஒரே மகன். அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது, கரையில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். பையன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தோரம் விளையாடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அங்கே இல்லை. அந்தக் கடலில் அலை கிடையாது, குளம் மாதிரிக் கிடக்கும். முழங்கால் தண்ணீரில்தான் கிடந்தான். மதினியின் கணவர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். சில மாதத்தில் கேரளாவுக்குத் தொழிலுக்குப் போனவர் அப்படியே அங்கே இருந்துவிட்டார். மதினி அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார்.

இதைச் சொல்லித்தான் நான் தயங்கினேன். அருள் அதையே திருப்பிச் சொன்னார். "அந்த மாதிரி ஒண்ணு நடந்த ஆளு பிள்ளைய விட்டு ஒரு நிமிசம் நகராது, பாரு." அவர் சொன்னது சரிதான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நடந்தது.

வந்த அன்று வாசலிலேயே கையை நீட்டி ஜெசியை வாங்கினார். வாங்கி இடது இடுப்பில் வைத்தார். அந்த இடுப்பிலிருந்து அவள் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. ஒரு கையால் சோறு வடிப்பார். மீன் ஆயும்போது பழைய சேலையால் முதுகில் கட்டிக்கொள்வார். தூங்கும்போது பிள்ளையின் கணுக்காலைப் பிடித்தபடி படுப்பார். தாவாங்கட்டை கூரான, ஒடிசலான உடம்பு. இத்தனை கனத்தை நாளெல்லாம் சுமந்ததில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். சர்ச்சில் மண்டியிடும்போதுகூட அந்தச் சாய்வு இருந்தது.

முதல் ஆறு மாதம் எனக்கு அவர் தெய்வம் மாதிரி. பள்ளியில் மற்ற டீச்சர்கள் பிள்ளைக்குச் சளி, பார்க்கிற ஆள் வரவில்லை, கதவைப் பூட்டிவிட்டுப் போன் பார்க்கிறாள் என்று புலம்பும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன், கண் பட்டுவிடும் என்று. பிள்ளை உடம்பில் ஒரு கொசுக்கடி இருக்காது. நான் வீட்டுக்குள் நுழையும்போது பவுடர் போட்டு, பொட்டு வைத்து, இடுப்பில் ஜெசியோடு வாசலில் நிற்பார். "டீச்சர் வந்துட்டாங்க பாரு" என்பார். என் பெயர் அவருக்குத் தெரியும். தம்பி மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முறைதான். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். நீங்கள் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "சரி டீச்சர்" என்றார்.

எதற்கும் அவர் சொல்வது அதுதான். மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. முகம் சுளித்ததும் இல்லை. சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, தான் செய்துகொண்டிருந்ததையே செய்வார். இது எனக்குப் பிடிபட ஆறேழு மாதம் ஆனது.

பதினைந்து மாதமாகியும் ஜெசி நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் காலை மடக்கிக்கொள்வாள். ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினேன். அவர் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கீழே விடுகிறீர்களா என்று கேட்டார். பக்கத்தில் மதினி, வாங்கிக்கொள்வதற்குக் கையை நீட்டியபடியே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கீழே விட வேண்டும், விழுந்தால் விழட்டும். சரி டீச்சர். மறுநாள் கேட்டேன். விட்டேன் டீச்சர் என்றார். ஜெசியின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். பிறந்த பிள்ளையின் கால் மாதிரி இளஞ்சிவப்பாக, ஒரு துளி அழுக்கில்லாமல் இருந்தது.

அந்த மே மாத விடுமுறையில் நானே அவளை இறக்கி விட்டேன். முதல் நாள் வீறிட்டு அழுதாள். மதினி அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஒன்பது நாளில் ஜெசி நடந்தாள். ஹாலிலிருந்து அடுப்படிவரை தள்ளாடிப் போய், அத்தையின் முதுகில்தான் முட்டி நின்றாள். மதினி திரும்பி அவளைத் தூக்கிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், "இனிமே எங்க வேணாலும் போவாளே" என்றார். ஜூனில் பள்ளி திறந்தது. நான் திரும்பி வந்த முதல் மாலை, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, ஜெசி இடுப்பில்தான் இருந்தாள்.

இப்படிப் பலதும் உண்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார், ஈரத்துணியால் துடைத்துதான் விடுவார். அதனால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே ஜெசி நடுங்குவாள். சாப்பிடாவிட்டால் கடல் வந்து பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிச் சோறு ஊட்டுவார். இரண்டு தெரு தள்ளிக் கடலை வைத்துக்கொண்டு பிள்ளை அதைப் பார்க்காமலே வளர்ந்தாள். ஒவ்வொன்றையும் நான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். அருளிடம் சொன்னால், அக்கா மனசு நோகாமல் பக்குவமாகச் சொல் என்பார். எப்படிச் சொன்னாலும் சரி என்கிறவரின் மனது நோகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

ஜெசிக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் பள்ளிக்கு அரை நாள் விடுமுறை விட்டார்கள். மதியமே வீட்டுக்கு வந்தேன். வாசலில் யாரும் நிற்கவில்லை. உள்ளே கட்டிலோரம் ஜெசி துணிக் கிளிப்புகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கணுக்காலில் ஒரு சேலைக் கிழிசல். அதன் மறுமுனை கட்டில் காலில் கட்டியிருந்தது.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்து, அவிழ்த்துவிடச் சொல்லிக் காலை நீட்டினாள். தினமும் நடக்கிற காரியம் போல நீட்டினாள். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

மதினி பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தார். கை கழுவிய ஈரம் இருந்தது.

"என்ன மதினி இது?"

"கொல்லப்பக்கம் போனேன் டீச்சர். ரெண்டு நிமிசம்."

"வாசக்கதவச் சாத்திட்டுப் போகலாம்ல?"

"இப்ப எட்டித் தொறக்கா."

"தொறந்தா என்ன, தெருவுதான?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "இந்தத் தெரு எங்க போய் முடியுது டீச்சர்?"

நான் முடிச்சை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தேன். மீன்காரர்கள் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகியது. நிமிராமலே சொன்னேன். "ஒங்க பிள்ளைக்கு நடந்ததுக்கு எம் பிள்ளையக் கட்டிப் போடாதீங்க மதினி."

அவர் என் பக்கத்தில் குனிந்து, ஒரு இழுப்பில் முடிச்சை அவிழ்த்தார். கிழிசலை நாலாக மடித்தார். "சரி டீச்சர்" என்றார். மறுநாள் அந்தத் துணி அடுப்படியில் பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகக் கிடந்தது. பிறகு அவர் கட்டவே இல்லை. இரண்டு நிமிடத்துக்குப் போகவேண்டியிருந்தாலும் நான் வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தார் என்று பின்னால் புரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவார். இதையும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவர் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது.

மூன்று வயதானதும் ஜெசியை அங்கன்வாடியில் சேர்த்தேன். நாலாவது தெருதான். காலையில் கொண்டுபோய் விட்டு மதியம் கூட்டிவர வேண்டும். முதல் வாரம் மதினி வீட்டுக்குத் திரும்பாமல் ஜன்னலோரமே நின்றாராம். பிள்ளை ஜன்னலை விட்டு நகரவில்லையாம். அங்கன்வாடியில் இருந்த பெண் என்னிடம் சொல்லி அனுப்பினாள். விட்டதும் வந்துவிட வேண்டும் என்று மதினியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றார். அதற்குப் பிறகு புகார் வரவில்லை. மாலையில் ஜெசியிடம் இன்றைக்கு என்ன பாட்டு என்று கேட்பேன். ஒரு பாட்டைக் கையை ஆட்டிப் பாடுவாள். காக்காய்ப் பாட்டு, நிலாப் பாட்டு. சில நாள் இரண்டு பாட்டு. எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் அங்கன்வாடிப் பெண்ணைப் பார்த்தேன். பிள்ளைக்கு உடம்பு சரியாகிவிட்டதா, இரண்டு வாரமாக வரவில்லையே என்றாள்.

விசாரித்ததில் எல்லாம் தெரிந்தது. தினமும் காலையில் சர்ச்சின் பக்கவாட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெசி மடியில். மதியம்வரை அங்கேயே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பாட்டெல்லாம் மதினி சொல்லிக்கொடுத்தது. அம்மா கேட்டால் இதைப் பாட வேண்டும், பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

அன்றே சொல்லிவிட்டேன். கத்தவில்லை. வகுப்பில் கடைசியாக ஒரு முடிவு சொல்கிற குரல் ஒன்று எனக்கு உண்டு, அந்தக் குரலில் சொன்னேன். "நீங்க ஊருக்குப் போயிருங்க மதினி."

"எப்ப டீச்சர்?"

"நாளைக்கே."

ஜெசியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "திங்கக்கெழம போறேனே. நாளைக்கு இவளுக்கு நகம் எடுக்கணும்."

சரி என்றேன். அந்த வீட்டில் நான் சரி சொன்னது அந்த ஒருமுறைதான். ஞாயிறு பூசை முடிந்து வந்து, வழக்கம்போல மடியில் போட்டு, பத்து விரலுக்கும் நகம் எடுத்து எண்ணிவிட்டு, கால் விரல்களையும் எடுத்தார். திங்கட்கிழமை காலை ஒரு துணிப்பையோடு வாசலுக்கு வந்தார். ஜெசியை அப்போதும் தரையில் விடவில்லை. தன் இடுப்பிலிருந்து எடுத்து என் இடுப்பில் வைத்தார். மாரியூருக்கு, ராமநாதபுரம் போய்ச் சாயல்குடி பஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஏற்றிவிட நானும் வருகிறேன் என்றதற்கு, பிள்ளை வெயிலில் அலையும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். இடுப்பில் கனம் இல்லை, ஆனாலும் அதே சாய்வோடுதான் போனார்.

ஜெசி நாலு நாள் அழுதாள். காய்ச்சல் வந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தேன். அடுத்த வாரம் அங்கன்வாடிக்குப் போனாள், மதியத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். மூன்று மாதத்தில் தெருவில் ஓடினாள். அத்தை எங்கே என்று கேட்பதும் நின்றுபோனது. நான் செய்தது சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அருள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், அக்காவைப் பற்றி மட்டும் பேசவில்லை. லீவில் வந்தபோதும் பேசவில்லை.

அவருடைய சொந்தங்கள் என்னைக் கிழிப்பார்கள் என்று பயந்திருந்தேன். விசேஷ வீடுகளில் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. மாறாக, என்னிடம் ஒரு மாதிரி இரக்கத்தோடு பழகினார்கள். எனக்கு அது விளங்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்தில்தான் மதினியைத் திரும்பப் பார்த்தேன். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, "நல்லாருக்காளா?" என்று மட்டும் கேட்டார். தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஜெசியைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஜக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். குழந்தை கை மாறி மாறிப் போனது. மதினி வரிசையில் இருந்தும் அவரைத் தாண்டி அடுத்த கைக்குப் போனது. அவரே ஒதுங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

போன வருடம் அவருடைய அண்ணன் போன் செய்தார். மஞ்சள்காமாலை. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்து, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், பிழைக்கவில்லை. ஜெசிக்குப் பரீட்சை. நான் மட்டும் மாரியூருக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆண்கள் திரும்பி வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். மதினியின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

"நீங்க வந்தது பெருசு டீச்சர். வேற ஆளுன்னா வந்திருக்க மாட்டாக" என்றார்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மண்டபத்திலிருந்து மதினி திரும்பி வந்த அன்று, ஏன் வந்துவிட்டாய் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பிள்ளையைக் கைவிட்டுவிட்டேன் என்றாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. கீழே போட்டுவிட்டாயா என்று அண்ணன் கேட்டதற்கு ஆமாம் என்றாராம். திரும்பவும் கவனமில்லாமல் இருந்துவிட்டாயா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றாராம்.

"ஒங்க பிள்ளைக்கு அடி பலமா? தலையிலயா? இத்தன வருசம் கேக்க நாக்கு வரல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிட்டீக, பெரிய மனசு" என்றார்.

டீ டம்ளர் சுட்டது. கீழே வைத்தேன். மற்ற இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியதை நான் மறைக்கப்போவதில்லை.

"விழலக்கா" என்றேன். "அவங்க ஒரு நாளும் கீழ விட்டதில்ல. இறக்கி விடவே மாட்டாங்க. அதுக்காகத்தான் நான் போகச் சொன்னேன்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி பேசினார்.

"எம் மக ஆஸ்பத்திரியில பிள்ள பெத்திருந்தப்ப இவளும் வந்தா. பிள்ளைய வாங்கக் கைய நீட்டுனா. நாந்தான் நடுவுல போய் நின்னேன். அதுக்கப்புறம் இந்த வீட்ல பொறந்த ஒரு பிள்ளையவும் அவ கையில நாங்க குடுக்கல."

பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று நான் பொதுவாகச் சொன்னேன். இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.